வாசலில் நின்ற ஊன்றுகோல்: தொடுகையும் வீட்டு வழக்கமும் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சிறு பட்டறையில் முதியோருக்கான ஊன்றுகோல் ஒன்றை வடிவமைத்தபோது நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். பட்டறையின் வழக்கமான வேலை தோல் பைகளும் இடுப்பு வார்களும்தான். ஆவாரம் பட்டையில் பதனிட்ட ஆட்டுத் தோலைக் கையால் தைக்கத் தெரிந்த தொழிலாளர்கள் எங்களிடம் இருந்தனர். வடிவமைப்புப் பிரிவில் களப்பணி என் பொறுப்பு. கடலூர்க்காரன் என்பதால் அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போவதும் என் வேலையாக இருந்தது.

ஊன்றுகோல் செய்யும் எண்ணம் எங்களுடையதன்று. இயன்முறை மருத்துவர் ஒருவர் பட்டறைக்கு வந்து, இடுப்பெலும்பு முறிவுக்கும் பக்கவாதத்துக்கும் சிகிச்சை பெற்றுத் தம்மிடம் நடைப் பயிற்சிக்கு வரும் முதியவர்களில் பலர், கடையில் வாங்கிய அலுமினிய ஊன்றுகோலைச் சில வாரங்களிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள் என்று கூறினார். "குடுத்த அன்னிக்கு நல்லாத்தான் நடக்கறாங்க. அடுத்த தடவ வரும்போது வெறுங்கையா, மகன் தோளைப் பிடிச்சிட்டு வர்றாங்க" என்பது அவர் சொன்னது. தவறி விழுவதால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் முதியோரே மிகுதி. ஆகவே, ஒதுக்கப்பட்ட ஓர் ஊன்றுகோலை வீட்டில் கிடக்கும் இன்னொரு பயன்படாத பொருளாக மட்டும் எண்ணிவிட முடியாது.

கைப்பிடி கையில் பிடிக்கவில்லை என்பதே ஒதுக்கப்படுவதற்குக் காரணம் என்று அவரும் நாங்களும் ஒருசேர நம்பினோம். கடையில் கிடைப்பவற்றின் கைப்பிடி கடின பிளாஸ்டிக்காகவோ பஞ்சுபோன்ற கறுப்பு நுரையாகவோ இருந்தது. இந்தக் கடற்கரைக் காற்றில் உள்ளங்கை வியர்க்கும்போது முன்னது வழுக்கும், பின்னது பிசுபிசுக்கும். தொடுவதற்கு இதமான கைப்பிடி ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும் என்று வேலையைத் தொடங்கினோம்.

முதல் வடிவமும் அதைச் சோதித்த முறையும்

அப்போது ஐரோப்பாவிலிருந்து வந்து சில மாதங்கள் எங்களுடன் தங்கியிருந்த வடிவமைப்பாளர் ஒருவர், ஜப்பானில் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் மிட்சுவோ நகமாச்சி 1970-களில் உருவாக்கிய கான்செய் பொறியியல் முறையில் பயிற்சி பெற்றவர். ஒரு பொருளைத் தொடும்போதும் பார்க்கும்போதும் மனத்தில் எழும் உணர்வைச் சொற்களாகப் பெற்று, அந்தச் சொற்களைப் பொருளின் அளவு, வடிவம், மூலப்பொருள் ஆகியவற்றோடு பொருத்திப் பார்ப்பது அதன் அடிப்படை. அவர் தயாரித்த தாளில் மென்மை–கடினம், சூடு–குளிர்ச்சி, வழவழப்பு–சொரசொரப்பு, பழகியது–பழகாதது என எதிர்ச்சொற்கள் இணைகளாக இருந்தன.

அலுமினியத்தின் வெப்பம் கடத்தும் திறன் மரத்தினுடையதைப் போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. அதனால் ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் அலுமினியம் கையிலிருந்து சூட்டை விரைவாக இழுத்துக்கொண்டு சில்லென்று படுகிறது; அக்கினி நட்சத்திர வெயிலில் வாசலில் கிடந்தால் கையைச் சுடுகிறது. கைக்கும் உலோகத்துக்கும் இடையே ஒரு தடுப்பு வேண்டும் என்ற முடிவுக்கு இது இட்டுச் சென்றது. எங்கள் கையில் இருந்த சிறந்த தடுப்பு தோல்.

உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அலுமினியத் தண்டு, அதன் மேல் இரண்டு இழையில் தைத்த ஆட்டுத் தோல் உறை போட்ட கைப்பிடி, அடியில் கறுப்பு ரப்பர் புஷ் என்று முதல் வடிவம் அமைந்தது. பட்டறைக் கூடத்தில் முதியவர்களை அமர வைத்து, கண்ணை மூடச் சொல்லி, பிளாஸ்டிக், நுரை, தோல் ஆகிய மூன்றையும் கையில் கொடுத்தோம். தோலைப் பிடித்தவர்களில் பெரும்பாலோர் "மெத்துன்னு இருக்கு", "கையோட கையா இருக்கு" என்றனர். எல்லோரும் செருப்பைக் கூடத்துக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்து அமர்ந்திருந்தனர். அந்தக் காட்சி எங்கள் கண்ணெதிரே இருந்தும் அதில் எதையும் நாங்கள் படிக்கவில்லை.

முத்தியால்பேட்டை, வில்லியனூர், அரியாங்குப்பம் முதலிய புதுச்சேரிப் பகுதிகளிலும், கடலூரில் தேவனாம்பட்டினம், திருப்பாதிரிப்புலியூர் ஆகிய இடங்களிலும், தெற்கே பரங்கிப்பேட்டையிலுமாக ஒன்பது பேருக்கு ஊன்றுகோலைக் கொடுத்தோம். உயரத்தை ஒவ்வொருவருக்கும் மருத்துவரே அளந்து வைத்தார்: கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு ரேகைக்கு நேராகக் கைப்பிடி வர வேண்டும், பிடித்தால் முழங்கை சற்று மடங்க வேண்டும், பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து வீடு வீடாகச் சென்றோம்.

வீடுகளில் கண்டவை

முத்தியால்பேட்டையில் இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்த, எழுபது வயதைக் கடந்த அம்மாள் ஒருவரின் வீட்டை முதலில் சொல்ல வேண்டும். நாங்கள் போனபோது ஊன்றுகோல் திண்ணைக்குக் கீழே, செருப்புகளுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து நின்றது. உள்ளே அம்மாள் நாற்காலியில் இருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்தது, விளக்கேற்ற எழுந்தார். நாற்காலியின் முதுகு, குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடி, நிலைக்கதவின் ஓரம் என ஒவ்வொன்றாகப் பிடித்துப் பூஜை அறை வரை போனார். கதவுக்கும் விளக்குக்கும் நடுவில் பிடிக்க ஒன்றுமில்லாத இரண்டு அடித் தொலைவு இருந்தது. அங்கே ஒரு கணம் நின்றார். இடது கை காற்றில் எதையோ தேடியது. பிறகு சுவரில் முழு உள்ளங்கையையும் பதித்து, பாதத்தைத் தூக்காமல் இழுத்தே அடியெடுத்து வைத்தார். ஊன்றுகோல் எந்த இரண்டடிக்காகச் செய்யப்பட்டதோ அந்த இரண்டடியில் அது இல்லை.

மருமகள் எங்களிடம் தணிந்த குரலில், "அத்தை வெளிய போறப்ப மட்டும்தான் எடுப்பாங்க. உள்ள கொண்டாந்தா அவங்களுக்கு மனசு ஒப்பல" என்றார். அம்மாளிடமே கேட்டோம். "அது தெருவையெல்லாம் மிதிச்சிட்டு வருது தம்பி. அதோட எப்பிடி உள்ள வர்றது?" என்றார். சற்று யோசித்துவிட்டு, "கைப்பிடி வேற தோலு. அதைப் பிடிச்ச கையால விளக்கைத் தொடணுமே" என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று குறிப்பேட்டில் "தோல் காரணமாக மறுப்பு" என்று ஒரே வரி எழுதினேன். அது பிழை. அவர் இரண்டு காரணங்கள் சொல்லியிருந்தார். முதலில் சொன்னது தோலைப் பற்றியதே அன்று. ஊன்றுகோல் மிதிக்கிறது, அதாவது அதற்கு ஒரு கால் இருக்கிறது. அந்தக் கால் செருப்பைப் போல வெளியே விட்டு வர வேண்டிய ஒன்று. இந்த வேறுபாடு எனக்கு உறைக்கத் திருப்பாதிரிப்புலியூருக்குப் போக வேண்டியிருந்தது.

அங்கே ஊன்றுகோல் பெற்றவர் நெடுங்காலம் மிருதங்கம் கற்றுக்கொடுத்தவர். அவருடைய மிருதங்கம் பூஜை அறையிலேயே துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் இரு பக்கமும் தோல். தொப்பி எனப்படும் இடப்பக்கத்துக்கு ரவை பிசைந்து பூசுவதும் துடைப்பதும் அவர் கைக்கு நாள்தோறும் பழகிய வேலை. ஆயினும் எங்கள் ஊன்றுகோல் அவர் வீட்டிலும் வாசலில்தான் நின்றது. கேட்டபோது, "தோலைத் தொட எனக்கென்ன? அது வாத்தியம், உக்காந்த இடத்துல இருக்கு. இது நடக்குது" என்று பதில் சொன்னார். ஒரே மூலப்பொருள், ஒன்று பூஜை அறையில், மற்றொன்று செருப்புக்குப் பக்கத்தில்.

புதுச்சேரியில் பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் கத்தோலிக்க முதியவர் ஒருவருக்குத் தோல் கைப்பிடி மிகவும் பிடித்திருந்தது. அதை முதலில் கையில் வாங்கியதும் கட்டைவிரலால் தையலை வருடிப் பார்த்து, பட்டாளத்தில் தான் அணிந்த வாரைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். மெழுகு தடவித் துடைத்துப் பராமரித்தார். ஆனால் அதே வீட்டில் அவர் மனைவி அந்த ஊன்றுகோலைச் சமையலறைத் தரையில் ஊன்றவிடவில்லை. தோல் பற்றிய உணர்வு வீட்டுக்கு வீடு மாறியது; புஷ் பற்றிய உணர்வு ஏறக்குறைய எங்கும் ஒன்றாகவே இருந்தது.

பரங்கிப்பேட்டையில் முஸ்லிம் மூதாட்டி ஒருவர் கேட்ட கேள்விக்கு எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "இது ஆட்டுத் தோலுதானா, உள்ள வச்சிருக்கறது என்ன தோலு?" வெளியுறை ஆட்டுத் தோல் என்பது எனக்குத் தெரியும். உள்ளே அடைத்த மெல்லிய தோல் எந்த விலங்கினுடையது என்பதை நான் விசாரித்ததே இல்லை. உள்வரிக்குப் பன்றித் தோலைப் பயன்படுத்தும் வழக்கம் தோல் தொழிலில் உண்டு. பட்டறையில் கேட்டு, அதுவும் ஆட்டுத் தோல்தான் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிவித்தோம். அதற்குள் அவர் கைப்பிடி முழுவதும் பழைய துப்பட்டாத் துணியைச் சுற்றித் தைத்திருந்தார். நாற்காலியில் அமர்ந்து தொழும்போது ஊன்றுகோல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக, அடியிலும் ஒரு துவைத்த துணியைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்பே அவர் வடிவத்தைத் திருத்தத் தொடங்கிவிட்டார்.

தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் முழங்கால் தேய்மானத்தால் கடலுக்குப் போவதை நிறுத்தியவர். தோல் அவருக்கு வேறு விதத்தில் பிடிக்கவில்லை: "கையில எதுவோ மாட்டின மாதிரி இருக்கு, தடி எங்க ஊணுதுன்னு தெரியல." துடுப்பும் கயிறும் பிடித்துக் காய்ப்பேறிய கை அது, மெத்தென்ற உறை அந்தக் கையின் அறிவை மறைத்தது. அலுமினியத் தண்டு தரையில் எழுப்பும் ஒலியும் அவருக்கு மருத்துவமனையை நினைவூட்டியது. அவர் எங்கள் ஊன்றுகோலைப் பரணில் வைத்துவிட்டுச் சவுக்குக் கம்பு ஒன்றை வெட்டி, பிடிக்கும் இடத்தில் நைலான் நூலை நெருக்கிச் சுற்றி வைத்திருந்தார்.

அரியாங்குப்பத்தில் காரணம் எளியது. ஐப்பசி மழையில் தோல் ஈரம் குடித்துப் பூஞ்சை பிடித்து நாறியது.

சொற்களிலிருந்து கிடைத்தது

வீடுகளில் பதிவு செய்த பேச்சை எழுத்தாக்கியபோது ஒன்று தெளிவானது. நாங்கள் "தொடும்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டோம். அவர்கள் பெரும்பாலும் "தொடுதல்" என்ற சொல்லிலேயே பதில் சொல்லவில்லை. "பட்டுடும்", "மிதிச்சிட்டு வருது", "ஒட்டிக்கும்" என்றனர். தமிழில் தொடுதல் என்பது நாமே விரும்பிச் செய்வது. படுதல் என்பது நம் விருப்பமின்றி நிகழ்வது. புத்தகத்தின் மீது கால் பட்டுவிட்டால் உடனே கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். பட்டதற்குப் பரிகாரம் தொடுவதே. எங்கள் தாளில் இருந்த எதிர்ச்சொல் இணைகள் அனைத்தும் கைக்கும் கைப்பிடிக்கும் இடையில் அந்தக் கணத்தில் நிகழும் தொடுதலைப் பற்றியவை. அந்தப் பொருள் இதற்கு முன் எதில் பட்டது, இனி எதில் படும் என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

வெப்பத்தையும் அழுத்தத்தையும் நம் உடலின் தோல் எவ்வாறு உணர்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகிய இருவருக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. தோலின் நரம்புகளில் இருக்கும் அந்த உணர்விகள் முத்தியால்பேட்டையிலும் ஹிரோஷிமாவிலும் ஒரே விதமாகத்தான் வேலை செய்கின்றன. கண்ணை மூடிய சோதனையில் எங்களுக்குக் கிடைத்தது அந்த உணர்விகளின் பதில், அது பொய்யன்று. கண்ணைத் திறந்ததும், கையில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும், அதே மென்மை அருவருப்பாகவோ பெருமையாகவோ மாறியது. நினைவையும் வழக்கத்தையும் வெளியே நிறுத்திவிட்டுச் சோதித்தது எங்கள் குற்றம்.

தோலை நீக்கும் முடிவும் அதன் சிக்கலும்

பட்டறைக் கூட்டத்தில் நான் அறிக்கையைப் படித்து முடித்ததும், கைப்பிடிகளைத் தைத்த தொழிலாளர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், ஒரு கேள்வி கேட்டார். "தோலை எடுத்துட்டாப் போதுமா தம்பி, இல்ல, தோலைத் தைச்ச கையும் படக் கூடாதா?"

அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. இந்த மண்ணில் "படக் கூடாது" என்ற சொல் பொருள்களோடு நின்றதில்லை. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்தவர்களும் ஒரு வகையில் பொருளை வடிவமைத்தவர்கள்தாம். யாருடைய உதடு எதில் படலாம் என்பதையே அவர்கள் வடிவமைத்தார்கள். அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. அதைக் குற்றமாக்கிய 1955-ஆம் ஆண்டுச் சட்டம் 1976-இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்டு வலுவாக்கப்பட்டது. சட்டம் தெரிந்தும், தோலைப் பற்றிய அருவருப்பில் எவ்வளவு செருப்பைப் பற்றியது, எவ்வளவு தோல் வேலை செய்யும் மனிதர்களைப் பற்றியது என்பதைப் பிரித்துக் காட்ட என்னால் முடியவில்லை. பயன்படுத்துவோரின் உணர்வை மதிப்பது வடிவமைப்பின் முதல் பாடம் என்று கற்றிருக்கிறோம். அந்த உணர்வின் வேர் இன்னொருவரின் இழிவில் இருக்குமானால் அதற்கும் பணிந்துபோவதா என்ற கேள்விக்கு அந்தப் பாடத்தில் விடையில்லை.

நீண்ட பேச்சுக்குப் பின் எடுத்த முடிவு இது. மழைக்காலத்தில் தோல் கெடுகிறது என்பது மறுக்க முடியாத குறை. எனவே இயல்பான கைப்பிடி மரத்தால் ஆகட்டும். விரும்பிக் கேட்பவர்களுக்குத் தோல் கைப்பிடி தொடர்ந்து கிடைக்கும். விளம்பரத்திலோ அட்டையிலோ "தோல் இல்லாதது", "சுத்தமானது" என்ற சொற்கள் எக்காரணத்துக்காகவும் வரக்கூடாது. பின்னர் ஒரு விற்பனையாளர் இப்படியொரு முத்திரை ஒட்டினால் நிறைய விற்கலாம் என்று வற்புறுத்தினார், மறுத்துவிட்டோம். மரக் கைப்பிடியை இழைத்து மெருகேற்றி முடிக்கும் வேலையும், வீடுகளுக்குச் சென்று அளவு பார்த்துப் பொருத்தும் வேலையும் அந்த மூத்த தொழிலாளரிடமே ஒப்படைக்கப்பட்டன.

இரண்டாம் வடிவம்

மரத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஆசாரி. பண்ருட்டிப் பலா. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகும் மரம் என்பதால் இந்தப் பக்கத்துக் கைகளுக்கும் கண்களுக்கும் அது அந்நியமன்று. கனத்த வார்னிஷ் பூசினால் வியர்வையில் வழுக்கும் என்று எண்ணெய் மட்டுமே தேய்த்தோம். நாள்பட உள்ளங்கை பட்டுப் பட்டு, உலக்கையின் நடுப்பகுதி மின்னுவதுபோல, பிடிக்கும் இடம் தானாகவே மெருகேறும் என்று ஆசாரி சொன்னார். திருப்பாதிரிப்புலியூர் மிருதங்க ஆசிரியர் புதிய கைப்பிடியை வாங்கியதும் விரல் நுனியால் இருமுறை தட்டிக் கேட்டு, "பலாவா?" என்றார்.

புஷ்ஷின் சிக்கல் எளிதில் தீரவில்லை. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று கழற்றி மாட்டும் இரண்டு புஷ் செய்து கொடுத்தது எங்கள் முதல் முயற்சி. பட்டறையில் நான் அதைக் கழற்றி மாட்டிக் காட்டியபோது எளிதாகத்தான் இருந்தது. இடுப்பில் அறுவை செய்தவரால் வாசலில் குனிந்து அதைத் திருக முடியாது என்பது, முத்தியால்பேட்டை அம்மாள் ஊன்றுகோலை மருமகளிடம் நீட்டியபடி, வேறு எதையும் பிடிக்காமல், வாசற்படியில் நின்றதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்த முயற்சியை அன்றே கைவிட்டோம்.

அடுத்து இரண்டு தனித்தனிக் கோல்கள் செய்தோம். வெளிக்கோல் பழைய அலுமினியத் தண்டிலேயே இருந்தது. வீட்டுக்கோல் தண்டும் மரம். அடியில் வெளிர் நிறப் புஷ். வாசலைத் தாண்டாதது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். வாசற்படிக்கு உட்புறம் இரண்டையும் மாற்றிக்கொள்ள வசதியாகச் சுவரில் ஒரு மர வளையமும், மாற்றும் நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் பொருத்தினோம்.

செலவு கூடியது. இரண்டு கோல் வாங்க வசதியில்லாத வில்லியனூர்க் குடும்பம் ஒன்று வேறு வழி கண்டது. முதியவர் வெளியிலிருந்து வந்ததும், கால் கழுவத் தண்ணீர் மொள்ளும் அதே சொம்பிலிருந்து கோலின் அடியிலும் மருமகள் தண்ணீர் ஊற்றினார். பெரியவர் கால் கழுவினார், கோலும் கழுவியது. இருவரும் உள்ளே வந்தனர். இதைக் கண்டதும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியில், மற்ற வீடுகளுக்கும் அதையே பரிந்துரைத்தேன்.

தொடர்ந்தவை

அந்தப் பரிந்துரை ஒருவரை விழ வைத்தது. வில்லியனூர் வீட்டில் சிமென்டுத் தரை. அரியாங்குப்பத்து வீட்டில் பளபளப்பான டைல்ஸ். ஈரமான ரப்பர் புஷ் டைல்ஸில் வழுக்கி, முதியவர் பக்கவாட்டில் விழுந்தார். எலும்பு முறியவில்லை, தோளில் இரத்தம் கட்டியது. ஈர ரப்பர் வழுக்கும் என்பது மருத்துவருக்கு நன்றாகத் தெரிந்த செய்தி. நான் அவரிடம் கேட்காமலேயே பரிந்துரைத்திருந்தேன். அதற்குப் பிறகு, கழுவும் வழக்கத்தைக் கைக்கொள்ளும் வீடுகளில் வாசலில் தடித்த தேங்காய்நார் மிதியடி போட்டு, கோலை அதில் இரண்டு முறை அழுத்தி ஊன்றி, அதன் மேல் மடித்த காடாத் துணியில் ஒற்றிய பிறகே உள்ளே வர வேண்டும் என்று மருத்துவரே நேரில் பழக்கிக் காட்டினார்.

இரண்டு மாதம் கழித்துச் சென்றபோது ஒன்பது பேரில் ஆறு பேர் வீட்டுக்குள்ளும் ஊன்றுகோலுடன் நடந்தனர். பரங்கிப்பேட்டை மூதாட்டி மரக் கைப்பிடியின் மேலும் தம் துணி உறையை மாட்டியிருந்தார்; இம்முறை, அது கைக்குப் பழகிவிட்டதால் என்றார். பட்டாளத்து முதியவர் மரத்தை மறுத்துத் தோலையே வைத்துக்கொண்டார். மனைவிக்காக வீட்டுக்கோல் ஒன்றும் வாங்கிக்கொண்டார். தேவனாம்பட்டினத்து மீனவர் சவுக்குக் கம்பை விடவில்லை. மருத்துவர் அவரை நிற்க வைத்து மணிக்கட்டை அளந்து, கம்பின் நீளத்தைக் குறைத்து வெட்டச் சொன்னார்; நாங்கள் அடியில் ஒரு புஷ் மாட்டிக் கொடுத்தோம். எங்கள் பொருள் அந்த வீட்டில் அவ்வளவுதான். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

முத்தியால்பேட்டை அம்மாள் வீட்டுக்கோலுடன் பூஜை அறை வாசல் வரை வந்தார். அதற்கு மேல் மரக் கோலையும் அவர் கொண்டுபோகவில்லை. புதுக் கோல், தெருவைக் காணாத கோல், இருந்தும் மனம் இடம் தரவில்லை. அந்த இரண்டடியில் சுவரோரமாக ஒரு மரக் கைப்பிடிக் கம்பியைப் பதித்தோம். அதே பலா மரம், அதே எண்ணெய். சுவரில் இருப்பதால் அது எங்கும் நடப்பதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு விளக்கேற்றுகிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் சோதனையைப் பட்டறையில் நடத்தியிருக்கக் கூடாது. வீட்டில், விளக்கேற்றும் நேரத்திலோ தொழுகை நேரத்திலோ சமையல் நேரத்திலோ நடத்தியிருந்தால் மூன்று வாரத்தில் அறிந்ததை ஒரே மாலையில் அறிந்திருப்போம். இப்போது எங்கள் கேள்வித்தாளில் முதல் கேள்வி கைப்பிடியைப் பற்றியதன்று. இரவில் இது எங்கே நிற்கும் என்பதே. மூலப்பொருள் எந்த விலங்கினுடையது, எங்கே பதனிட்டது என்பதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம்.

சமயத்தையோ சாதியையோ வைத்து முன்கூட்டியே வகை பிரிக்கலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதை ஏற்காதது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஒரே வீட்டில் கணவர் விரும்பிய தோலை வைத்துக்கொண்டே மனைவியின் தரைக்காக இன்னொரு கோலும் வாங்க வேண்டியிருந்தது. தோல் வாத்தியத்தைப் பூஜை அறையில் வைத்தவர் தோல் கைப்பிடியை வாசலில் நிறுத்தினார். பண்பாட்டுப் பின்னணி என்று நாம் எழுதும் கட்டத்துக்குள் இவர்களில் யாரும் முழுதாக அடங்கவில்லை.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். இரண்டாம் வடிவத்தைப் பொருத்துவதற்காக மூத்த தொழிலாளரும் நானும் ஒரு வீட்டுக்குச் சென்றபோது, எனக்கு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது; அவருக்குக் காகிதக் கோப்பையில் வந்தது. அவர் வாங்கிக் குடித்தார், கோப்பையைக் கசக்கித் தன் பையிலேயே போட்டுக்கொண்டார், குனிந்து சுவரில் வளையத்தைப் பொருத்தினார். நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் மன்னிப்புக் கேட்டேன். "நீ அங்கயே கேட்டிருக்கணும் தம்பி" என்றார். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் பட்டறையிலிருந்து இருவருக்கும் ஒரே செம்பில் தண்ணீர் எடுத்துச் செல்கிறோம். வீட்டார் தண்ணீர் கொடுத்தால், இரண்டு டம்ளரும் ஒன்றுபோல் இருந்தால் மட்டுமே வாங்குகிறோம், இல்லையென்றால் அதற்கான காரணத்தை அந்த வீட்டிலேயே சொல்கிறோம்.